இளம் பெண் பன்றிகளுக்குக் கருப்பை அழற்சி: எல்லா வீக்கத்துக்கும் ஊசி தேவையா? புதுச்சேரி பன்றி வளர்ப்போர் கவனிக்க வேண்டியது என்ன?

புதிதாக வெண்பன்றிப் பண்ணை தொடங்குபவர்கள் தீவன விலையைப் பற்றியும் விற்பனையைப் பற்றியும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் பலருக்கும் முதல் அடி வேறு இடத்தில் விழுகிறது. காசு கொடுத்து வாங்கிய இளம் பெண் பன்றி சினை பிடிக்காமல் போய்விடும்.

ஆண் பன்றியுடன் சேர்த்தாகிவிட்டது. சினை என்று நம்பித் தீவனமும் போட்டாகிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பின்புறத்தில் சீழ் மாதிரி கசிவு, கூடவே நாற்றம். பன்றி மறுபடியும் பருவத்துக்கு வந்து நிற்கிறது.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, மருந்துக் கடைக்குப் போய் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி வாங்கி வந்து போடுவதுதான். சில சமயம் அது பலிக்கும். பல சமயம் காசு மட்டும் போகும், பிரச்னை அப்படியே இருக்கும். ஏன்னா, பெண் பன்றியின் பின்புறத்தில் தெரியும் வீக்கத்துக்கும் கசிவுக்கும் குறைந்தது நான்கைந்து காரணங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஊசி தீர்வு இல்லை.

எது இயல்பு, எது நோய், எது தீவனக் கோளாறு, எது உடனே அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டிய விஷயம்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் பன்றிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 3 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சமாக இறங்கியது. 12 சதவீத சரிவு இது.

இதற்கு நடுவில்தான் மத்திய அரசு தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பன்றிப் பண்ணைகளுக்கு மானியம் தருகிறது. 100 பெண் பன்றி, 10 ஆண் பன்றி கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

'இனப்பெருக்கப் பண்ணை' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். இந்தப் பண்ணையின் வருமானமே குட்டிகளிடமிருந்துதான். பெண் பன்றி சினை பிடிக்கவில்லை என்றால் கட்டிய கொட்டகை, வாங்கிய கடன் எல்லாமே சும்மா நிற்கும்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை, நகரத்தின் ஓரங்களிலும் வில்லியனூர், பாகூர் போன்ற கிராமப்புறப் பகுதிகளிலும் சூழல் ஒன்றுதான். கடலோர ஈரப்பதம், கோடையில் கடும் வெயில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்றுமே பன்றியின் கருப்பை ஆரோக்கியத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கருப்பை அழற்சி என்றால் என்ன?

கருப்பையின் உள்சுவரில் கிருமி புகுந்து, அந்த இடம் வீங்கி, சிவந்து, சீழ் உருவாவதுதான் கருப்பை அழற்சி. உள்படலத்தோடு நின்றால் பாதிப்பு குறைவு. சுவரின் ஆழம் வரை போனால் காய்ச்சல் வரும், தீவனம் எடுக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளணும். இனச்சேர்க்கை நடந்தாலே கருப்பையில் ஒரு சிறிய அழற்சி ஏற்படும். அது இயற்கையானது. ஆண் பன்றியின் விந்து அளவு மிக அதிகம், பொதுவாக 200 மில்லிக்கும் மேல். அதோடு வரும் அழுக்கையும் இறந்த விந்தணுக்களையும் வெளியேற்ற, உடலே வெள்ளை அணுக்களை அனுப்பிச் சுத்தம் செய்கிறது. ஆரோக்கியமான பன்றியில் இது ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

அந்தச் சுத்தம் செய்யும் வேலை முடியாமல் கிருமி தங்கிவிட்டால்தான் நோய். கரு ஒட்ட வேண்டிய இடத்தில் சீழ் இருந்தால் கரு எப்படி ஒட்டும்? அதனால்தான் பன்றி மறுபடியும் பருவத்துக்கு வருகிறது.

இளம் பன்றிகளுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

வெள்ளை யார்க்ஷயர் போன்ற இனங்களில் பெண் பன்றி சுமார் 6 மாதத்தில் முதல் முறை பருவத்துக்கு வரும். அதன் பிறகு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் திரும்பும். முதல் பருவத்திலேயே சேர்க்கக் கூடாது. இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில், சுமார் 8 மாத வயதில், 100 முதல் 120 கிலோ எடை வந்த பிறகு சேர்ப்பதே நல்லது.

அவசரப்பட்டுச் சேர்த்தால் என்ன ஆகும்? உடல் முழுதாக வளராத பன்றிக்குப் பிறப்புப் பாதை குறுகலாக இருக்கும். இனச்சேர்க்கையின்போதோ குட்டி போடும்போதோ காயம் ஏற்படலாம். அந்தக் காயம் கிருமிக்கு வாசல்.

இரண்டாவது காரணம் நேரம். இளம் பன்றிக்குப் பருவ அறிகுறி ஒன்று முதல் இரண்டு நாள்தான் தெளிவாக இருக்கும். பருவத்தில் இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதிகமாக இருப்பதால் கருப்பை கிருமியை எதிர்த்து நிற்கும். பருவம் முடிந்ததும் புரோஜெஸ்டிரோன் கூடும். அப்போது கருப்பையின் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும், வாயும் மூடிக்கொள்ளும். தாமதமாக ஆண் பன்றியைச் சேர்த்தாலோ, சினை ஊசி போட்டாலோ, உள்ளே போகும் கிருமி வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும்.

மூன்றாவது காரணம் எதிர்ப்பு சக்தி. பழைய தாய்ப்பன்றி அந்தப் பண்ணையின் கிருமிகளை ஏற்கெனவே சந்தித்திருக்கும். புதிதாக வாங்கி வந்த இளம் பன்றிக்கு எல்லாமே புதுசு. வந்ததும் மற்ற பன்றிகளோடு கலந்துவிட்டு உடனே இனச்சேர்க்கைக்கு விட்டால், அதற்குத் தாங்கும் தெம்பு இருக்காது.

எந்த நாளில் கசிவு வருகிறது? அதுதான் துப்பு

பன்றி வளர்ப்பவர் கையில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் ஒரு காலண்டர் இருக்கும். சேர்த்த தேதியைக் குறித்து வைத்திருந்தால், கசிவு வந்த நாளை வைத்தே பாதி விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

* சேர்ப்பதற்கு முன்: பிறப்புறுப்பு லேசாக வீங்கி, சிவந்து, ஓரிரு நாளில் அடங்கினால் அது பருவ அறிகுறி. முதுகை அழுத்தினால் பன்றி அசையாமல் நிற்கும். இது நோய் இல்லை.

* சேர்த்த 1–2 நாளில்: கொஞ்சம் வெள்ளையாகவோ தெளிவாகவோ கசிவு வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் இயல்பு.

* சேர்த்த 14 முதல் 21 நாளில்: மஞ்சள் அல்லது பச்சை கலந்த சீழ், நாற்றம், தொடர்ந்து பருவம் திரும்புதல். கருப்பை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டிய முக்கியமான நேரம் இதுதான். பன்றி நன்றாகத் தின்னும், காய்ச்சலும் இருக்காது. அதனாலேயே பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

* சினைக் காலத்தின் நடுவில்: சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளைப் படிவு மட்டும் பிறப்புறுப்பின் நுனியில் இருந்தால், அது சிறுநீரில் வரும் உப்புப் படிவாக இருக்கலாம். ரத்தம், சீழ், குறைமாதக் குட்டி வெளியே வந்தால் அது அவசரம்.

* குட்டி போட்ட 3–4 நாளுக்குள்: கொஞ்சம் கசிவு இயல்பு. தாய் நன்றாகத் தின்று, குட்டிகளுக்குப் பால் கொடுத்தால் பயம் வேணாம். தின்னாமல், மடி கல் மாதிரி இறுகி, குட்டிகள் பாலுக்குக் கத்தினால் உடனே மருத்துவரைக் கூப்பிடணும்.

கடைசியாகச் சொன்ன நிலையில் கருப்பை அழற்சி, மடிநோய், பால் வற்றுதல் மூன்றும் சேர்ந்தே வரலாம். பன்றியின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். குட்டி போட்ட பிறகு கொஞ்சம் கூடுவது சகஜம். ஆனால் 40 டிகிரியைத் தாண்டி, தீவனமும் எடுக்காமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. தாய் பிழைத்தாலும், பால் இல்லாமல் குட்டிகள் ஓரிரு நாளில் இறந்துவிடும்.

நோயே இல்லாமல் வீங்குமா? தீவனத்தில் இருக்கும் பூஞ்சை

நாலு மாதம்கூட ஆகாத பெண் குட்டிகளுக்கு, ஒரே நேரத்தில் நாலைந்துக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. சீழ் இல்லை. பருவத்துக்கு வரும் வயதும் இல்லை. இப்படி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது தீவன மூட்டையை.

மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வளரும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, ஜியாரலெனோன் என்ற நஞ்சை உண்டாக்கும். இது பன்றியின் உடலுக்குள் போனதும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும். உடல் ஏமாந்துபோகும். பருவமே வராத குட்டிக்குப் பருவம் வந்த மாதிரி வீக்கம், மடி பருத்தல் எல்லாம் தெரியும். கடுமையான பாதிப்பில் பிறப்புப் பாதையோ குடலோ வெளியே தள்ளிவிடும்.

கால்நடைகளில் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பாதிக்கப்படுவது பன்றிதான், அதிலும் இளம் பெண் பன்றி. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குட்டிகளுக்கும் இளம் பெண் பன்றிகளுக்கும் தீவனத்தில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றும், வளர்ந்த தாய்ப்பன்றிகளுக்கு 0.25 மில்லிகிராம் என்றும் தனித்தனி வரம்பு வைத்தது.

இதற்கு ஆன்டிபயாடிக் எந்த வேலையும் செய்யாது. ஏன்னா, இங்கே கொல்ல வேண்டிய கிருமியே இல்லை. தீவனத்தை வேகவைத்தாலும் பயன் குறைவு. பூஞ்சை சாகும், நஞ்சு அழியாது. அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டு நல்ல தீவனம் கொடுத்தால், பெரும்பாலான இளம் பன்றிகளில் சில வாரங்களில் வீக்கம் தானாக இறங்கிவிடும்.

புதுச்சேரிக்கு இது ஏன் முக்கியம்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. இப்படி ஒரு மழைக்குப் பிறகு நனைந்த தானியமும் தீவன மூட்டையும் மலிவு விலைக்கு வரும். மாட்டுக்குப் போட முடியாததைப் பன்றிக்குப் போடலாம் என்று நினைப்பது இயல்பு. இனப்பெருக்கத்துக்காக வளர்க்கும் இளம் பெண் பன்றி விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பாகப் போகும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

கருப்பை அழற்சிக்கான கிருமிகளில் பெரும்பாலானவை வெளியூரிலிருந்து வருபவை இல்லை. ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை சாணத்திலும் தோலிலும் தரையிலும் எப்போதும் இருப்பவைதான். அவை உள்ளே போக நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஈரமான தரை. பன்றிக்கு மனிதரைப் போல வியர்த்துச் சூடு தணியாது. வெயில் தாங்காமல் ஈரத்தைத் தேடிப் படுக்கும். சுத்தமான தண்ணீர் கிடைக்காவிட்டால் சாணத்திலும் சிறுநீரிலும் படுக்கும். பருவத்தில் இருக்கும் பன்றியின் கருப்பை வாய் திறந்திருக்கும் நேரத்தில் இப்படிப் படுத்தால் கிருமிக்கு நேர் பாதை.

இரண்டாவது, ஆண் பன்றி. ஆண் பன்றியின் உறுப்பை மூடியிருக்கும் தோலுக்குள் ஒரு சிறிய பை உண்டு. அதில் சிறுநீரும் அழுக்கும் தேங்கும். அது கிருமிகளின் கிடங்கு. ஒரே ஆண் பன்றியுடன் சேர்ந்த மூன்று, நான்கு பெண் பன்றிகளுக்கும் மூன்றாவது வாரத்தில் கசிவு வந்தால், பெண் பன்றிகளுக்கு மட்டும் ஊசி போட்டுப் பயன் இல்லை. அந்த ஆண் பன்றியைத்தான் முதலில் பரிசோதிக்கணும்.

மூன்றாவது, சிறுநீர்ப் பாதை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கிருமி தங்கும். அங்கிருந்து கருப்பைக்குப் போக தூரம் அதிகம் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும் கருப்பை நோய்த் தடுப்புதான்.

நான்காவது, மனிதக் கை. குட்டி போடும்போது அவசரப்பட்டுக் கையை விடுவது, சுத்தம் செய்யாத குழாயால் சினை ஊசி போடுவது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே பொதுவாக 15–20 நிமிட இடைவெளி இருக்கும். பன்றி முக்கிக்கொண்டே இருந்தும் 45 நிமிடத்துக்கு மேல் குட்டி வரவில்லை என்றால், மருத்துவரைக் கூப்பிடுவதே சரி. குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது ஆக்ஸிடோசின் ஊசியைத் தானாகப் போட்டால் கருப்பையே கிழியும் ஆபத்து உண்டு.

மனிதர்களுக்கும் வருமா?

சாதாரண கருப்பை அழற்சி மனிதர்களுக்குத் தொற்றுவது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் சினைப் பன்றி கரு கலைத்தாலோ, செத்த குட்டிகளைப் போட்டாலோ கதை வேறு.

எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரா, பன்றிகளில் கடைசி மாதக் கருச்சிதைவை உண்டாக்கும். பன்றியின் சிறுநீர் வழியாகவும் கலைந்த கருவின் வழியாகவும் மனிதருக்கு வரும். காலில் புண்ணோடு மழைநீர் தேங்கிய கொட்டகையில் நிற்பவருக்கு ஆபத்து அதிகம். புருசெல்லா கிருமியும் இதே மாதிரிதான். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடவே கூடாது. கர்ப்பிணிகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

இன்னொன்று, இந்தப் பகுதிக்கு நன்கு தெரிந்த நோய்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், வேலூரில். 1980-களில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், அதாவது புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதிகளில், இந்தக் காய்ச்சல் குழந்தைகளைத் தாக்கியது. கொசு மூலம் பரவும் நோய்களை ஆராயும் ஐ.சி.எம்.ஆர். மையம் 1975 முதல் புதுச்சேரியிலேயே இயங்குகிறது.

நெல் வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் இந்த வைரஸைக் கடத்துகிறது. கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகும். வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் முதல் முறை சினையாக இருக்கும் இளம் பன்றியை அது தாக்கினால், கருக்கள் உள்ளேயே இறந்து, காய்ந்து சுருங்கி, செத்துப் பிறக்கும்.

அதாவது, நெல் வயல் ஓரத்தில் இருக்கும் பண்ணையில் முதல் ஈற்றுப் பன்றிகள் வரிசையாகச் செத்த குட்டி போட்டால், அது அந்தப் பண்ணைக்கு மட்டுமான செய்தி இல்லை. பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கும் அது ஓர் எச்சரிக்கை. பன்றி இறைச்சி சாப்பிடுவதாலோ, பன்றியைத் தொடுவதாலோ இந்த நோய் வராது. கொசுக்கடியால்தான் வரும்.

செத்த குட்டிகளுக்குப் பன்றிகளைத் தாக்கும் பார்வோ வைரஸும் காரணமாக இருக்கலாம். அது மனிதருக்கு வராது. எது காரணம் என்பது பரிசோதனையில்தான் தெரியும். அதனால் செத்த குட்டிகளைக் குப்பையில் வீசாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்து மருத்துவரிடம் காட்டுவது உதவும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருந்தால்?

இந்தியாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் உறுதியானது 2020-ல், அசாம் மற்றும் அருணாசலப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் முதுமலை புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் இறந்தபோதும் இந்த நோய்தான் காரணம் என்று தெரியவந்தது.

இந்த நோயிலும் சினைப் பன்றிகள் கரு கலைக்கும். ஆனால் அதோடு கடும் காய்ச்சல், காது மற்றும் வயிற்றுத் தோல் சிவப்பு அல்லது நீல நிறமாவது, வயது வித்தியாசம் இல்லாமல் அடுத்தடுத்துச் சாவது ஆகியவை இருக்கும். கருப்பை அழற்சி அப்படி இல்லை. அது பெண் பன்றிகளை மட்டும், அதுவும் இனச்சேர்க்கைக்கோ குட்டி போட்டதற்கோ பிறகு பாதிக்கும்.

சந்தேகம் வந்தால் மறைக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லணும். மத்திய அரசின் செயல்திட்டப்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொற்றுப் பகுதியாகவும், 10 கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படும். இந்த நோய் மனிதருக்கு வராது. ஆனால் வேகவைக்காத ஹோட்டல் கழிவு வழியாகப் பன்றிகளுக்குப் பரவும். ஹோட்டல் மிச்சத்தை நம்பியே பன்றி வளர்ப்பவர்கள், அதை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் போடணும்.

ஊசி போட்டால் என்ன தப்பு?

உண்மையான கருப்பை அழற்சிக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பது கசிவை எடுத்துப் பரிசோதித்தால்தான் துல்லியமாகத் தெரியும். அரைகுறையாக இரண்டு ஊசி போட்டு நிறுத்தினால் கிருமி பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது.

பழகிய கிருமி கொட்டகையோடு நிற்காது. மனிதர்களிடமும் வரும். இதை மனதில் வைத்துத்தான் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

இறைச்சியிலும் பிரச்னை உண்டு. ஊசி போட்ட பிறகு, மருந்து உடலைவிட்டு நீங்க குறிப்பிட்ட நாட்கள் ஆகும். அது மருந்துக்கு மருந்து மாறும். சினை பிடிக்காத பன்றிக்கு இன்று ஊசி போட்டு, குணமாகவில்லை என்று மூன்றாம் நாள் இறைச்சிக்கு அனுப்பினால், சாப்பிடுபவரின் தட்டில் அந்த மருந்து இருக்கும்.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. பழைய கருப்பை அழற்சி எல்லா நேரமும் குணமாகாது. முறையான சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முறை தொடர்ந்து பருவம் திரும்பி, கசிவும் நிற்காத பன்றியை இனப்பெருக்கத்திலிருந்து நீக்குவதே பண்ணைக்கு நல்லது. மருந்து நீங்கும் நாட்கள் முடிந்த பிறகே அதை விற்கணும்.

ஒரு பருவம் தவறினால் எவ்வளவு நஷ்டம்?

ஒரு எளிய கணக்கு. சேர்த்த இளம் பன்றி நாளொன்றுக்கு 2.5 கிலோ தீவனம் தின்கிறது, கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* 21-வது நாளில் பருவம் திரும்பியதைக் கவனித்தால்: 52.5 கிலோ தீவனம், சுமார் 1,575 ரூபாய் நஷ்டம்.

* கவனிக்காமல், சினை என்று நம்பி 114 நாள் முழுக்கக் காத்திருந்தால்: 285 கிலோ தீவனம், 8,550 ரூபாய் நஷ்டம்.

பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தொகைக்கும் இடையே கிட்டத்தட்ட 7,000 ரூபாய் வித்தியாசம். அதுவும் ஒரே ஒரு பன்றிக்கு. ஒரு ஈற்றுக் குட்டிகளின் வருமானம் போனது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்த நஷ்டத்தைத் தடுக்கத் தேவைப்படுவது சேர்த்த தேதி எழுதிய ஒரு நோட்டும், 18-வது நாளிலிருந்து 24-வது நாள் வரை காலை, மாலை பன்றியின் பின்புறத்தைப் பார்க்கும் பழக்கமும்தான்.

வளர்ப்பவர்கள் என்ன செய்யணும்?

* புதிதாக வாங்கிய இளம் பன்றியைச் சில வாரங்கள் தனியாக வைத்துக் கவனிக்கவும். அதன் பிறகே மற்றவற்றோடு சேர்க்கவும்.

* முதல் பருவத்தில் சேர்க்க வேண்டாம். பருவம் தெளிவாக இருக்கும்போதே சேர்க்கவும். பருவம் முடியும் நேரத்தில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

* சேர்க்கும் இடமும் குட்டி போடும் இடமும் காய்ந்திருக்கணும். கழுவி, சுண்ணாம்பு அடித்து, உலரவிட்டுப் பிறகே பன்றியை விடணும். சினைப் பன்றியையும் சோப்பு போட்டுக் கழுவி உள்ளே விடலாம்.

* குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பால் கொடுக்கும் பன்றி நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

* பூஞ்சை வாடை அடிக்கும் தீவனத்தை இனப்பெருக்கப் பன்றிகளுக்குப் போட வேண்டாம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கவும்.

* மழைக்காலத்தில் கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மாலையில் கொசு வலையோ புகையோ உதவும்.

* கசிவு, கலைந்த கரு, நஞ்சுக்கொடியைத் தொடும்போது கையுறை, காலணி கட்டாயம்.

எங்கே உதவி கிடைக்கும்?

புதுச்சேரி குரும்பாபேட்டில் 1994-ல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனைகளையும் அணுகலாம். எல்லையைத் தாண்டி விழுப்புரம், கடலூர் பக்கம் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

நல்ல இனப்பெருக்கப் பன்றியும் பயிற்சியும் தேடுபவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. வெள்ளை யார்க்ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து கே.பி.எம். கோல்டு என்ற ரகத்தை உருவாக்கியது இந்த நிலையம்தான்.

மாட்டுக்கு ஒன்று என்றால் மருத்துவரைத் தேடி ஓடும் பல குடும்பங்கள், பன்றிக்கு என்றால் தயங்குகின்றன. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம். ஆனால் மருத்துவர் கேட்கப் போவது பன்றியைப் பற்றித்தான்: எத்தனை மாதம், எப்போது சேர்த்தீர்கள், கசிவு எந்த நாளில் வந்தது, எத்தனை பன்றிக்கு இருக்கிறது, என்ன தீவனம், எந்த ஆண் பன்றி. இந்த ஆறு கேள்விக்கும் பதிலை எழுதி எடுத்துப் போனால், எந்த மருந்து தேவை, அல்லது மருந்தே தேவையில்லையா என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்ய முடியும்.